பறவைகளுக்கு நிலம் கேட்டவர்

ஐப்பசி பிறந்து நாலு நல்ல மழை பெய்தால், அறந்தாங்கி வட்டாரத்துக் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்ற சில நாளில் வாத்துக் கூட்டங்கள் வந்து இறங்கும். அவற்றில் பல இந்த நாட்டுப் பறவைகள் அல்ல. இமயமலைக்கு அப்பால், பனி உறையும் வடதேசங்களிலிருந்து பறந்து வருபவை.

வானத்தில் பறக்கும் பறவைக்கு வேலி இல்லை. ஆனால் இறங்கி இரை தேட அதற்கு நிலம் வேண்டும், நீர் வேண்டும். அந்த நிலத்தை உழ ஒருவர் நினைப்பார். மாடு மேய்க்க ஒருவர் நினைப்பார். துப்பாக்கியோடு வந்து சுட ஒருவர் நினைப்பார். இத்தனை பேருக்கும் நடுவே, பறவைக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று வாதாடியவர் டாக்டர் சலீம் அலி. இந்தியாவின் பறவை மனிதர் என்று உலகம் அவரை அழைத்தது.

மஞ்சள் தொண்டைக் குருவி

சலீம் அலி 1896-ம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருதீன் தியாப்ஜியும் அவர் மனைவி ஹமீதா பேகமும் குழந்தைகளைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். அந்தத் தம்பதிக்குக் குழந்தை இல்லை.

மாமாவுக்கு வேட்டையில் பிரியம் அதிகம். மருமகனுக்கும் ஒரு சின்னத் துப்பாக்கி கிடைத்தது. சிறுவன் சலீம் குருவிகளைச் சுட்டு விளையாடினான். ஒருநாள் விழுந்த குருவியைக் கையில் எடுத்துப் பார்த்தான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அப்படி ஒரு குருவியை அவன் அதுவரை கண்டதில்லை. இது என்ன பறவை என்று மாமாவிடம் கேட்டான். மாமாவுக்கும் தெரியவில்லை.

பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரர். அவரிடம் மாமா சிறுவனை அனுப்பி வைத்தார். சலீம் பயந்துகொண்டே போனான். மில்லார்டு அவனை அன்போடு வரவேற்றார். குருவியின் பெயரைச் சொன்னார். அதோடு விடவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். சுட்டு விளையாட வேண்டிய பொருளாக இருந்த பறவை, அன்று முதல் அறிந்துகொள்ள வேண்டிய பொருளாயிற்று.

வேலை போயிற்று, வழி திறந்தது

வாலிபத்தில் பர்மா சென்று குடும்பத் தொழிலைக் கவனித்தார். அங்கும் கண் காட்டுப் பறவைகளின் மேலேயே இருந்தது. 1918-ம் ஆண்டு தெஹ்மினா என்ற பெண்ணை மணந்தார். 1926-ம் ஆண்டு பம்பாய் மியூசியத்தில், வருவோர்க்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி சென்றார். பெர்லின் நகரில் ஸ்ட்ரேஸ்மான் என்ற பேரறிஞரிடம் பறவை விஞ்ஞானம் பயின்றார்.

1930-ம் ஆண்டு நாடு திரும்பியபோது வேலை இல்லை. பணம் போதவில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். கணவனும் மனைவியும் பம்பாய்க்கு அருகே உள்ள கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார்கள். அங்கே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைக் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண் குருவி வந்து பார்த்து, பிடித்தால்தான் மீதியைக் கட்டும். இவ்வாறு அவர் கண்டு எழுதியது உலக அறிஞர்களின் பாராட்டைப் பெற்றது.

அந்நாளில் இந்தியாவில் பல சமஸ்தானங்கள் இருந்தன. ஐதராபாத், கொச்சி, திருவாங்கூர் முதலிய சமஸ்தானங்களில் என்னென்ன பறவைகள் உள்ளன என்று கணக்கெடுக்க சலீம் அலி முன்வந்தார். தமக்குச் சம்பளம் வேண்டாம், செலவுக்குக் கொடுத்தால் போதும் என்றார். தெஹ்மினாவும் காடு மேடெல்லாம் உடன் அலைந்தார். 1939-ம் ஆண்டு ஒரு சிறு ஆபரேஷனுக்குப் பின் தெஹ்மினா காலமானார். அந்தத் துயரம் பெரிது. ஆனாலும் வேலையை அவர் நிறுத்தவில்லை. 1941-ம் ஆண்டு இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது புத்தகம் வெளிவந்தது. சாதாரண மக்களும் படங்களைப் பார்த்துப் பறவைகளை அடையாளம் காண அது உதவியது.

ராஜாவின் வேட்டைக் குளம்

ராஜஸ்தானத்தில் பரத்பூர் என்ற சமஸ்தானம் இருந்தது. பள்ளமான நிலத்தில் கரை கட்டித் தண்ணீரைத் தேக்கி, வாத்து வேட்டைக்காகவே ராஜ குடும்பத்தார் ஓர் இடத்தை அமைத்திருந்தார்கள். அங்கே உள்ள சிவன் கோயிலின் பெயரால் அதற்குக் கேவலாதேவ் என்று பெயர். 1938-ம் ஆண்டு வைசிராய் லின்லித்கோ பிரபுவும் அவருடன் வந்தவர்களும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். அந்தக் கணக்கைக் கல்லிலே பொறித்தும் வைத்தார்கள்.

நாடு சுதந்திரம் அடைந்தது. ராஜாவின் வேட்டைக் குளம் இனி எதற்கு, நீரை வடித்து நிலத்தை விவசாயத்துக்குக் கொடுங்கள் என்று சுற்றுப்புற விவசாயிகள் கேட்டார்கள். உணவுக்குப் பஞ்சமான காலம். அவர்கள் கேட்டதும் நியாயமாகவே தோன்றியது.

சலீம் அலி பிரதமர் நேருவிடம் போனார். சைபீரியாவிலிருந்து வெண்ணிறக் கொக்குகள் வந்து தங்கும் இடம் அது என்று எடுத்துச் சொன்னார். ஒரு முறை உழுதுவிட்டால் இந்த நீர்நிலையைத் திரும்ப உண்டாக்க முடியாது என்று விளக்கினார். குளம் பிழைத்தது. 1956-ம் ஆண்டு அது பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் மகாராஜா தம் வேட்டை உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நிலம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. துப்பாக்கி உரிமை ராஜாவிடமே இருந்தது. அந்த உரிமை 1972-ம் ஆண்டு வரை நீடித்தது. 16 ஆண்டுகள் அரசாங்கம் பொறுத்திருந்தது.

மாடு மேய்த்தவர்களின் கதை

1980-களின் தொடக்கத்தில் அந்த இடம் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. சுற்றுப்புற கிராமத்தார் காலங்காலமாக அங்கே எருமைகளை மேய்த்து வந்தார்கள். எருமைகளால் பூங்காவுக்குக் கேடு வரும் என்று அதிகாரிகள் எண்ணினார்கள். சலீம் அலியும் மேய்ச்சல் கூடாது என்றே கருதினார். 1982-ம் ஆண்டு மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. மாடுகளை எங்கே கொண்டுபோவது என்பதற்கு வழி செய்யப்படவில்லை. கிராமத்தார் திரண்டு வந்தார்கள். போலீசார் சுட்டார்கள். ஏழைகள் சிலர் மாண்டார்கள்.

ராஜாவின் உரிமை ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. அதற்கு மதிப்பு இருந்தது. மாடு மேய்ப்பவரின் உரிமை வழக்கத்தில் மட்டுமே இருந்தது. அதற்கு யாரும் விலை பேசவில்லை.

சலீம் அலியின் சங்கத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளே அங்கே பத்து ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. எருமைகள் வாய் வைக்காததால் நீரில் புல் மண்டிவிட்டது. புல் மண்டியதால் நீர்ப்பறவைகள் குறைந்தன. எருமை பறவைக்குப் பகை அல்ல, துணை என்று தெரிந்தது. பிற்பாடு, புல் அறுத்துச் செல்லக் கிராமத்தாருக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் போன உயிர்கள் திரும்பவில்லை.

வேறு வழி இருந்ததா?

இருந்தது. அமெரிக்காவில் 1934-ம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு டாலர் கொடுத்து ஒரு முத்திரை வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் அரசாங்கம் நீர்நிலைகளை விலைக்கு வாங்கிப் பறவைகளுக்காகக் காக்கும். அந்த முத்திரை இன்று 25 டாலர். இதுவரை அந்தப் பணத்தால் 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

1958-ம் ஆண்டு இன்னொரு வழியும் திறந்தது. விவசாயியின் நிலத்தை வாங்க வேண்டியதில்லை. அவரிடமிருந்து ஒரே ஓர் உரிமையை மட்டும் விலைக்கு வாங்கினால் போதும். நிலம் அவருடையதே. பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். அவர் மாடு மேய்க்கலாம். குட்டை தானாக வற்றினால் பயிரும் செய்யலாம். ஆனால் குட்டையை வடிக்கக்கூடாது, தூர்க்கக்கூடாது. இதற்காக அரசாங்கம் அவருக்கு ஒரு தொகை கொடுத்துவிடும். நிலத்தை விற்றாலும் அடுத்து வாங்குகிறவரை அந்த ஒப்பந்தம் கட்டும். பறவைக்கு இடம் கிடைத்தது. விவசாயிக்குப் பணம் கிடைத்தது. நிலத்தை விட்டு யாரும் வெளியேற வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்கு முன்னோடி உண்டு. செங்கற்பட்டுக்கு அருகே வேடந்தாங்கல் ஏரியில் தங்கும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில், பறவைகளைக் காக்கும் உரிமையை அந்த ஊராருக்கே எழுதிக் கொடுத்தார் கலெக்டர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாயிற்று. காவலர்களும் ஊராரே, பயன் பெற்றவர்களும் ஊராரே. அதனால்தான் அந்தக் காவல் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது.

கோடியக்கரை

தஞ்சைக் கடற்கரைக்கும் சலீம் அலியால் நன்மை கிடைத்தது. கோடியக்கரை, பறவைகளுக்கு அரிய இடம் என்று 1962-ம் ஆண்டு முதன்முதலில் எடுத்துக்காட்டியவர் அவரே. அந்நாளில் அறந்தாங்கியும் கோடியக்கரையும் ஒரே தஞ்சை மாவட்டத்தில் இருந்தன. அறந்தாங்கி புதுக்கோட்டை மாவட்டத்தில் சேர்ந்தது 1974-ம் ஆண்டில்தான். 1967-ம் ஆண்டு கோடியக்கரை சரணாலயமாயிற்று. வெளிமான்களுக்கும் பூநாரைகளுக்கும் அங்கே இடம் உறுதியாயிற்று. சலீம் அலியின் சங்கத்தார் பல ஆண்டுகள் அங்கே பறவைகளின் காலில் வளையம் பூட்டி, அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று ஆராய்ந்தார்கள்.

புகழும் முடிவும்

பட்டங்கள் அவரைத் தேடி வந்தன. 1958-ம் ஆண்டு பத்ம பூஷண், 1976-ம் ஆண்டு பத்ம விபூஷண். உலகப் புகழ் பெற்ற கெட்டி பரிசாக 50,000 டாலர் கிடைத்தபோது, அதைக் கொண்டு இயற்கைப் பாதுகாப்புக்கு ஒரு நிதியை ஏற்படுத்தினார். 1985-ம் ஆண்டு ராஜ்யசபை அங்கத்தினராக நியமிக்கப்பட்டார். 1987-ம் ஆண்டு ஜூன் மாதம் 20-ந் தேதி, 90-வது வயதில் காலமானார். கோவைக்கு அருகே ஆனைகட்டியில் உள்ள பறவை ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் கேட்டபடி பறவைகளுக்கு நிலம் கிடைத்தது. ஆனால் பரத்பூருக்கு வந்த சைபீரியக் கொக்குகள் 2002-ம் ஆண்டுக்குப் பின் வரவில்லை. வரும் வழியிலும் அவற்றுக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. ஓரிடத்தைக் காத்தால் மட்டும் போதாது என்பதை அந்தக் கொக்குகள் காட்டிவிட்டன.

2022-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசு மேய்வது கடற்புல்லில். அதே கடலை நம்பித்தான் மீனவர் குடும்பங்களும் உலை வைக்கின்றன. பரத்பூர் எருமைக்காரர்களிடம் பேசியிருக்க வேண்டிய பேச்சை இந்தக் கடற்கரையில் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. உயிரினங்களுக்கு இடம் கொடுக்கும்போது, அங்கே வாழ்கிறவர்களின் உரிமையையும் ஏட்டில் எழுதி, அதற்குரிய மதிப்பையும் கொடுத்துவிட்டால், காவலுக்குத் தனி ஆள் தேட வேண்டியதில்லை.