சங்கம் கண்ட வள்ளலார்

பாகூர் என்றதும் வரலாற்று ஆய்வாளர்க்கு நினைவில் எழுவன அவ்வூர்ச் செப்பேடுகளே ஆகும். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இயங்கிவந்த வித்தியாத்தானம் என்னும் கல்விக்கூடத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பெற்ற செய்தியை அவை கூறுகின்றன. மூன்று ஊர்களின் வருவாய் பெற்ற அக்கல்விக்கூடம் இன்று இல்லை. கொடையைச் சொல்லும் செப்பேடு எஞ்சியுள்ளது. கொடை எதன்பொருட்டு அளிக்கப்பெற்றதோ அப்பணி நின்றுபோயிற்று. உடைமையைக் காப்பதற்கு ஓலையும் செம்பும் போதும். நோக்கத்தைக் காப்பது எங்ஙனம் என்பதே அமைப்புகளைத் தொடங்குவோர் அனைவர்க்கும் முன்நிற்கும் வினாவாகும்.

அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் எதிர்கொண்ட பெருமகனார் ஒருவர் பாகூருக்கு அண்மையிலேயே வாழ்ந்தார். தென்பெண்ணையையும் கெடிலத்தையும் கடந்து தென்மேற்கே சென்றால் வருவது வடலூர். 19-ஆம் நூற்றாண்டில் பாகூரும் வில்லியனூரும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலும் வடலூர் ஆங்கிலேயர் ஆட்சியிலும் இருந்தன. ஆயினும் அன்பர்களின் தொடர்பை அவ்வெல்லை தடுக்கவில்லை. இராமலிங்க அடிகளாரின் பாடல்களை அச்சேற்ற முனைந்து நின்றோருள் ஒருவர் புதுவை வேலு முதலியார் என்பது புதுவை மண்ணுக்குப் பெருமை தருவதாகும்.

அடிகளார் 1823-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகத் தோன்றினார். குழவிப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். சென்னையில் தமையனார் சபாபதி பிள்ளையின் இல்லத்தில் வளர்ந்தார். புராணச் சொற்பொழிவால் புகழும் பொருளும் ஈட்டும் வழி அவர்முன் திறந்தே இருந்தது. அவ்வழியை அவர் விரும்பவில்லை. 1858-ஆம் ஆண்டு சென்னையை நீங்கித் தில்லைப் பக்கம் வந்தவர், கருங்குழி என்னும் சிற்றூரில் வேங்கட ரெட்டியாரின் இல்லத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தங்கினார்.

1865-ஆம் ஆண்டு அவர் ஒரு சங்கம் நிறுவினார். சாதி, சமய வேறுபாடு நீங்கி எல்லா உயிரையும் தம்முயிர்போல் எண்ணும் ஒருமைப்பாட்டை வளர்ப்பதே அதன் நோக்கம். சமரச வேத சன்மார்க்க சங்கம் என்பது அதற்கு முதலில் அமைந்த பெயராகும்.

சங்கம் தோன்றிய அக்காலத்திலேயே முதற் சோதனையும் தோன்றியது. அன்பர்கள் பாடல்களை அச்சிட விழைந்தனர். இறுக்கம் இரத்தின முதலியார் பன்முறை வற்புறுத்திய பின்னரே அடிகளார் இசைந்தார். நூலில் தம் பெயரை இராமலிங்கசாமி என வழங்க அவர்கள் கருதியதை அறிந்ததும், அப்பெயர் ஆரவாரத்திற்கு இடம் தருவது எனக் கூறி வேண்டாவென மடல் எழுதினார். அன்பர்கள் அவ்வொட்டை விட்டனர். ஆயினும் 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்த திருவருட்பா முதல் நான்கு திருமுறைகள், திருவருட்பிரகாச வள்ளலார் என்னும் சிறப்புப் பெயருடன் வெளிவந்தன. சங்கத்தினும் தலைவரைப் பெரிதாக்குவது தொண்டர்க்கு இயல்பு. அதனை மறுக்கும் தலைவர்க்கும் முழு வெற்றி கிட்டுவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

அதே 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அவ்வூர் மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். பசித்து வந்தோர் எவராயினும் ஊர், பேர், சாதி வினவாது உணவளிப்பதே சாலையின் பணி. பசி நீக்குதலே உயிரிரக்கத்தின் முதற்படி என்னும் கருத்தைச் சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் அவர் விரித்துரைத்தார். சங்கத்தின் கொள்கை பேச்சில் நின்றுவிடாமல் நாள்தோறும் அடுப்பில் எரியவேண்டும் என்பது அவர்தம் உள்ளக்கிடக்கை எனலாம்.

1872-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள், தைப்பூசத்தன்று, எண்கோண வடிவில் அமைந்த சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. ஏழு திரைகள் நீங்க அருட்பெருஞ்சோதியைக் காண்பது அங்கு வழிபாடாயிற்று. இளமைமுதல் சைவத்தில் தோய்ந்து, தில்லைக் கூத்தனை நெக்குருகிப் பாடியவர் அடிகளார். அன்பர் பலரும் ஞானசபையை மற்றுமொரு சிவாலயமாகவே கருதத் தலைப்பட்டதில் வியப்பில்லை. மக்கள் பழகிய நெறியிலேயே சபையை நடத்தியிருந்தால் கூட்டமும் காணிக்கையும் பெருகியிருக்கும்.

அடிகளார் வேறு வழி கண்டார். அவ்வாண்டு சூலைத் திங்களில் சபை வழிபாட்டிற்கான விதிகளை எழுத்தில் வகுத்தார். உள்ளே சென்று விளக்கேற்றுவோர் 12 வயதிற்கு உட்பட்டோராகவோ 72 வயதிற்கு மேற்பட்டோராகவோ இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. குலமோ பரம்பரையோ அங்கே தகுதியாகவில்லை. அப்போதே சங்கத்தின் பெயரும் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாற்றம் பெற்றது. ஏழாண்டுகள் வழங்கிப் பலரும் அறிந்த பெயரிலிருந்து வேதம் என்னும் சொல்லை நீக்கிச் சுத்தம் என்னும் சொல்லை இணைத்தார். நோக்கம் தெளிவு பெறுந்தோறும் பெயரையும் திருத்திக்கொள்ள அவர் தயங்கவில்லை. சாலையில் இருந்தோரிடையே பூசல் எழாவண்ணம் ஒழுக்கக் கட்டளைகளையும் எழுதி விடுத்தார்.

இத்தனை செய்தும் சபை அவர் கருதியவாறு நடைபெறவில்லை. அப்போது அவர் மேற்கொண்ட முடிவு எண்ணி எண்ணி வியத்தற்குரியது. தாமே எழுப்பிய ஞானசபையைத் தாமே பூட்டச் செய்தார். நிலமும் பொருளும் உழைப்பும் தந்தோர் உளம் நொந்திருத்தல் கூடும். கட்டியவரே பூட்டுவதா என்னும் குறை எழுதலும் இயல்பே. கண்டிப்பு மிகுந்து பொறுமை குறைந்த செயல் என இதனைக் கருதுவோரும் உளராகலாம். ஆனால் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். சபையைப் பூட்டியவர் சாலையின் அடுப்பை அணைக்கவில்லை. அமைப்பில் வேர் எது, கிளை எது என்பதை அவர் அறிந்திருந்தார். கிளை திரிந்தபோது அதனை நிறுத்திவைத்து, வேருக்கு நீர் வார்த்துக்கொண்டே இருந்தார்.

1873-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடி உயர்த்தி அவர் நிகழ்த்திய உரை பேருபதேசம் எனப் போற்றப்படுகின்றது. முன்னர்த் தாம் சைவ சமயத்தில் கொண்டிருந்த பற்றையும் அவ்வுரையில் அவர் மறைக்கவில்லை. அக்காலத்தில் தமக்கிருந்த அறிவு அவ்வளவே எனத் தம்மையே குறைத்துக் கூறினார். தம் பழைய நிலையைப் பலரறியத் திருத்திக்கொள்ளும் துணிவு தலைவர்க்கு அரிதாகவே வாய்ப்பதாகும். குருபீடம் அமைத்துப் பட்டம் கட்டும் வழக்கத்தையும் அவர் மேற்கொள்ளவில்லை. 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் அறையொன்றினுள் புகுந்து திருக்காப்பிட்டுக் கொண்டார். இச்செய்தி 1878-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டிலும் இடம்பெற்றுள்ளது.

அவருக்குப் பின் சபை மீண்டும் திறக்கப்பெற்றது. அவர் விலக்கிய சைவச் சடங்குமுறைகள் உள்ளே புகுந்து நெடுங்காலம் நிலைத்தன. 2006-ஆம் ஆண்டில் இந்து சமய அறநிலையத் துறை, அவர் வகுத்த விதிகளின்படியே வழிபாடு நிகழ வேண்டுமென ஆணையிட்டது. 2010-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 1872-இல் எழுதி வைத்த விதிகளே 138 ஆண்டுகளுக்குப் பின்னரும் சான்றாக நின்றன. நோக்கத்தைத் தெளிவாக எழுதி வைத்தமை வீண்போகவில்லை. எனினும் இடைப்பட்ட காலத்தில் அவ்வெழுத்தைக் காட்டி வினவும் துணிவுடையோர் போதிய அளவில் இல்லாது போயினர் என்பதையும் மறத்தற்கில்லை.

தருமச்சாலையின் நிலையோ வேறு. 1867-இல் மூட்டிய தீ இன்றளவும் அணையாது எரிவதாக அன்பர்கள் போற்றுவர். பசித்து வருவோர்க்கு அங்கே இன்றும் உணவு உண்டு. தைப்பூசத்தன்று வடலூருக்குச் செல்லும் வில்லியனூர், பாகூர் வட்டாரத்து மக்கள் சோதி காண்பதோடு சாலையில் உண்டும் மகிழ்கின்றனர்.

பத்தாண்டு நிறைவு என்பது எந்த அமைப்பிற்கும் மகிழ்ச்சிக்குரியது. ஆபத்து நிறைந்ததும் ஆகும். மேடையும் மாலையும் பட்டமும் பொருளும் வந்து சேரும் பருவம் அது. கவிதைக்கெனக் கூடியோர் கூட்டத்திற்கெனக் கவிதை பாடத் தொடங்குவதும் அப்பருவத்திலேயே. வடலூர்ப் பெருமான் சங்கம் கண்டு ஒன்பதாண்டுகளே அதனை வழிநடத்தினார். அவ்வொன்பது ஆண்டுகளுள் பெயரைத் திருத்தினார், விதியை எழுதினார், புகழ்ப்பெயரை மறுத்தார், வேண்டுமிடத்துக் கதவையும் பூட்டினார். அடுப்பை மட்டும் அவர் அணையவிடவில்லை. இலக்கிய வட்டத்திற்கும் அத்தகைய அடுப்பு ஒன்று உண்டு. அஃது இன்னும் எரிகின்றதா என ஆண்டுதோறும் சென்று பார்த்து வருதல் அதன் உறுப்பினர்தம் கடமையாகும்.