தந்தை வகுத்த பாடம்

பள்ளிக்கூடத்தின் வாயிலை மிதியாமலே தம் காலத்து அறிஞர் பலரை விஞ்சி நின்றவர் ஜான் ஸ்டூவர்ட் மில். இவர் 1806-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் மில், ஸ்காட்லாந்து நாட்டில் காலணி தைக்கும் தொழிலாளி ஒருவரின் மைந்தர். எழுத்தையே பிழைப்பாகக் கொண்டு இலண்டனில் குடியேறியவர். அவருடைய மக்கள் ஒன்பதின்மருள் மூத்தவர் ஜான்.

ஜேம்ஸ் மில் அந்நாளில் இந்தியாவின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, 1817-இல் அதனை வெளியிட்டார். இந்திய மண்ணை ஒருமுறையேனும் மிதித்தறியாத ஒருவர் அந்நாட்டின் வரலாற்றை எழுதத் துணிந்தது நமக்கு வியப்பாகவே இருக்கும். தம் அறிவின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அத்தகையது. அதே நம்பிக்கையுடன்தான் மகனின் கல்வியையும் அவர் தம் கையில் எடுத்துக்கொண்டார். குழந்தையின் உள்ளம் எழுதப்படாத ஏடு போன்றது. தக்க பாடங்களைத் தக்க வரிசையில் கற்பித்தால் எந்தக் குழந்தையும் பேரறிஞன் ஆகலாம் என்பது அவர் கொள்கை. பள்ளிக்கு அனுப்பினால் பிற சிறுவரின் தாழ்ந்த பழக்கங்கள் மகனைப் பற்றிக்கொள்ளும் என்றும் அவர் அஞ்சினார்.

மூன்றாம் வயதில் கிரேக்க மொழிப் பாடம் தொடங்கியது. கிரேக்கச் சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பொருளும் எழுதிய அட்டைகளைத் தந்தை ஆக்கிக் கொடுத்தார். ஈசாப்பின் கதைகளே மகன் படித்த முதற் கிரேக்க நூல். தந்தை நூல் எழுதும் மேசையின் அருகிலேயே மகனும் அமர்ந்து படிப்பான். கிரேக்க அகராதிகள் அந்நாளில் பொருளை இலத்தீனில் கூறின. சிறுவனோ இலத்தீன் அறியான். ஆகவே தெரியாத சொல் வரும்போதெல்லாம் தந்தையைக் கேட்பான். அவரோ பொறுமை மிக்கவர் அல்லர். ஆயினும் ஓயாத அந்தக் கேள்விகளைத் தாங்கிக்கொண்டே தம் பெருநூலையும் எழுதி முடித்தார். இஃது எளிய செயலன்று.

காலை உணவுக்கு முன் இருவரும் வயல் வழியே உலாவச் செல்வர். முதல் நாள் படித்த வரலாற்று நூலிலிருந்து துண்டுத் தாள்களில் எடுத்த குறிப்புகளைக் கொண்டு, மகன் கதையாகச் சொல்லிக்கொண்டே வருவான். மாலையில் கணக்குப் பாடம். அது அவனுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. எட்டாம் வயதில் இலத்தீன் வந்தது. அதனுடன் வேறொரு சுமையும் வந்தது. தான் கற்றதைத் தங்கைக்கும் பின்னர்த் தம்பியருக்கும் அவன் கற்பிக்க வேண்டும். அவர்கள் பாடம் ஒப்பிக்காவிடில் பொறுப்பு அவனுடையதே. பன்னிரண்டாம் வயதில் தருக்கமும் பதின்மூன்றாம் வயதில் பொருளாதாரமும் பாடங்களாயின.

நெட்டுருப் போடுதலை ஜேம்ஸ் மில் விரும்பவில்லை. மகன் தானே சிந்தித்துக் காணக்கூடிய எதனையும் அவன் முயன்று களைத்துப் போகும்வரை அவர் சொல்லித் தருவதில்லை. அவருடைய முறையின் சிறந்த கூறு இதுவே எனலாம். குறைகளும் இருந்தன. உரக்கப் படிக்கும்போது மகன் செய்த பிழைகளைக் கடிந்தாரேயன்றி, ஒரு வாக்கியத்தையேனும் தாம் படித்துக் காட்டவில்லை. சோம்பல் படிந்துவிடும் என்று விடுமுறையும் அளிக்கவில்லை. விளையாட்டுத் தோழர் இல்லை. இராபின்சன் குரூசோ போன்ற சில கதைநூல்களே பொழுதுபோக்கு. அன்பை வெளிக்காட்டும் வழக்கம் தந்தைக்கு இல்லை. மகன் அவரை மதித்தான், அஞ்சினான். மனம் விட்டுப் பேசியதில்லை.

பதினான்காம் வயதில், 1820-இல், ஜான் பிரான்சு நாட்டுக்குச் சென்றார். அதற்கு முன் தந்தை அவரை ஹைடு பூங்காவுக்கு அழைத்துச் சென்று, பிறர் அறியாத பலவற்றை நீ அறிந்திருப்பது உன் பெருமையன்று, கற்பிக்க வல்ல தந்தை வாய்த்த நற்பேறே என்று அறிவுறுத்தினார். பிரான்சில் ஓராண்டு தங்கிய ஜான், பிரெனீசு மலைகளைக் கண்டு மகிழ்ந்தார். செடிகொடிகளைத் திரட்டி ஆராயும் கலையை ஜார்ஜ் பெந்தம் என்னும் இளைஞரிடம் பழகினார். தந்தையின் திட்டத்தில் இடம்பெறாத கல்வி இது.

1823-இல், பதினேழாம் வயதில், இலண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் தந்தையின் கீழ் வேலைக்கு அமர்ந்தார். மூன்று ஆண்டுகள் சென்றன. 1826-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர் தம்மையே ஒரு கேள்வி கேட்டார். உலகைத் திருத்த விரும்பிய தம் நோக்கங்கள் அனைத்தும் அக்கணமே நிறைவேறினால் தாம் மகிழ்வோமா? இல்லை என்றே உள்ளம் விடை கூறியது. வாழ்வின் அடிப்படையே சரிந்தது போலாயிற்று. வேலைகளைச் செய்தார், அவற்றில் உயிர் இல்லை. தந்தையிடம் சொல்லலாமா? எல்லாம் எண்ணி வகுத்த கல்வி இப்படி முடிந்தது என்று அவரை ஏன் வருத்துவது என வாயடைத்துக்கொண்டார். கூறுகூறாக ஆராயும் திறனைத் தந்த அக்கல்வி, உணர்ச்சியை வளர்க்கவில்லை என்பதை அப்போது உணர்ந்தார்.

பல மாதங்கள் கழித்து, பிரெஞ்சு எழுத்தாளர் மார்மான்டேலின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்தார். தந்தையை இழந்த சிறுவன் ஒருவன் குடும்பத்துக்குத் துணையாக நிற்க உறுதி கொள்ளும் பகுதி வந்தது. மில்லின் கண்கள் கலங்கின. தம் நெஞ்சு இன்னும் வறண்டுவிடவில்லை என்று தெளிந்தார். 1828-இல் வர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் மருந்தாய் அமைந்தன. ஆயினும் தந்தையின் கல்வியை அவர் வெறுத்துவிடவில்லை. தம் வயதினரைவிடக் கால் நூற்றாண்டு முந்தி வாழ்வைத் தொடங்க அதுவே உதவியது என்று பின்னாளில் மதிப்பிட்டார்.

சுதந்திரத்தைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூல் 1859-இல் வெளிவந்தது. குழந்தைகள் கல்வி பெறுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். ஆனால் எங்கே, எவ்வாறு என்பதைப் பெற்றோர் தேர்ந்துகொள்ளலாம். கற்றார்களா என்பதைத் தேர்வு நடத்தி அறிந்தால் போதும் என்று அந்நூலில் வாதிட்டார். எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பதை அவர் விரும்பவில்லை. 1865-இல் நாடாளுமன்ற உறுப்பினரான மில், 1867-இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரித் திருத்தம் கொண்டுவந்தார். அது தோற்றது, எனினும் 73 பேர் ஆதரித்தனர்.

அவருடைய மனைவி ஹாரியட் 1858-இல் பிரான்சிலுள்ள அவிக்னான் நகரில் காலமானார். கல்லறைக்கு அருகிலேயே ஒரு வீடு வாங்கி, ஆண்டுதோறும் சில மாதங்கள் மில் அங்கே தங்கினார். செடி திரட்டும் பழக்கம் முதுமையிலும் அவரை விடவில்லை. 1873-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பூச்சியியல் அறிஞர் ஃபாபருடன் செடிகளைத் தேடி ஏறத்தாழப் பதினைந்து மைல் நடந்தார். வீடு திரும்பியபின் காய்ச்சல் கண்டது. சில நாட்களில் உயிர் பிரிந்தது. மனைவியின் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.