ஜார்ஜ் ஸைமன் ஓம்

உயர்நிலைப் பள்ளியில் மின்னியலின் முதற்பாடம் கற்ற மாணவர் எவரும் ஓம் என்னும் பெயரை அறிவர். அப்பெயர் செவிப்பட்ட அளவிலே பிரணவத்தை நினைந்து நகைத்தலும், அவர் கண்ட விதியை ஒரே மூச்சில் ஒப்பித்துத் தேர்வுத் தாளில் இறக்கி வைத்தலும் மாணவராகிய நமக்கு இயல்பு. அப்பெயருக்கு உரியார் நம் ஆசிரியர்களைப் போலவே பள்ளியிற் பாடஞ் சொன்ன ஒருவர் என்பதையும், ஒரு வரியில் அடங்கும் அவ்விதிக்காகத் தம் வாழ்வின் நடுப்பகுதியையே விலையாகக் கொடுத்தார் என்பதையும் நம்மிற் பலர் அறியார். ஆதலின் அப்பெரியார் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஓம் ஜெர்மனி நாட்டு எர்லாங்கன் நகரில் 1789-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யும் தொழிலாளர். பள்ளிக் கல்வி மிகுதியாகப் பெறாதவராயினும் தாமே முயன்று கணிதத்திலும் தத்துவத்திலும் பயிற்சி பெற்றவர். பத்து வயதிலேயே தாயை இழந்த ஜார்ஜுக்கும், அவர்தம் தம்பி மார்ட்டினுக்கும் தந்தையாரே கணித ஆசானாக அமைந்தார். 1805-இல் ஜார்ஜ் எர்லாங்கன் பல்கலைக்கழகம் புகுந்தார். ஆங்கு நடனத்திலும், பனிக்கட்டிமேற் சறுக்கி ஆடுவதிலும், பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் பொழுதைப் போக்கினார். இதனை அறிந்த தந்தையார் வெகுண்டார். படிப்பு இடையிலே நின்றது. இளைஞர் சுவிட்சர்லாந்து சென்று, ஒரு பள்ளியிற் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். பிறர்க்குக் கற்பித்த ஆண்டுகளே அவரைத் திருத்தின போலும்! ஓய்வு நேரங்களில் பெருங் கணித நூல்களைத் தாமே ஓதியுணர்ந்து, மீண்டு வந்து, 1811-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1817-இல் கொலோன் நகரத்து இயேசு சபைப் பள்ளியிற் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அப்பள்ளியில் நல்ல ஆய்வுக் கருவிகள் இருந்தன. மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகும் என்பதை 1820-இல் டென்மார்க்கு அறிஞர் ஊர்ஸ்டெட் வெளியிட்டார். ஊசியின் விலக்கத்தைக் கொண்டு ஓட்டத்தை அளக்கலாம் என்பது ஓமுக்குப் புலனாயிற்று. எனினும் அக்காலத்து மின்கலங்கள் நொடிக்கு நொடி வலி குன்றுவன. மூலமே நிலையாது தளர்ந்தால், ஊசி காட்டும் மாறுதல் கம்பியால் வந்ததோ கலத்தால் வந்ததோ என எங்ஙனம் அறிவது? அறிஞர் போகெண்டார்ஃப் ஒரு வழி கூறினார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு மூட்டைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால், வெப்பநிலை வேறுபாடு மாறாதிருக்கும். அதனால் எழும் மின்விசையும் மாறாது. 1826-இல் ஓம் அவ்வாறே செய்து, பருமன் ஒத்து நீளம் வேறுபட்ட எட்டுச் செப்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து அளந்தார். விசை கூடின் ஓட்டம் கூடும். தடை கூடின் ஓட்டம் குறையும் என்ற எளிய உண்மை எண்களில் வெளிப்பட்டது. மறு ஆண்டு அதனைக் கணித நூலாக்கிப் பெர்லினில் வெளியிட்டார்.

இவ்விதியின் ஆற்றலைக் காண நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. யாம் வாழும் பாடியில், 1961-இல் நிறுவப்பெற்ற லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் மோட்டார் வண்டிகளின் ஸ்டார்ட்டர்களைச் செய்து வருகின்றது. கார் ஒன்றின் பேட்டரி 12 வோல்ட் உடையது. அதனோடு இணைந்த 24 வாட் விளக்கு, எரியுங்கால் 6 ஓம் தடை காட்டி 2 ஆம்பியர் மட்டுமே பெறும். அதற்கு மெல்லிய கம்பி போதும். ஸ்டார்ட்டரோ எஞ்சினைச் சுழற்றும் அந்தச் சிறு பொழுதில் நூறு ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். அதன் கேபிளில் ஓர் ஓமின் நூற்றில் ஒரு பங்கு தடையே இருப்பினும், 150 ஆம்பியர் ஓடுங்கால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே வீணாகும். அதனாலன்றோ அக்கேபிளை விரற்பருமன் உடையதாக அமைக்கின்றனர்! பத்தாம் வகுப்பில் நாம் உருப்போட்ட வரி, நம் ஊர்த் தொழிலாளர் கையில் செம்பாக உருக்கொண்டு நிற்கின்றது.

இத்துணைப் பயனுடைய விதியைக் கண்டவரை அவர் நாடு எங்ஙனம் போற்றிற்று? அந்தோ, போற்றவில்லை! இயற்கையைக் கணிதத்தால் அளப்பதை அந்நாட்டு அறிஞர் பலர் அன்று விரும்பவில்லை. ஓமின் நூலை இகழ்ந்தனர். எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவியும் கிட்டவில்லை. மானமே பெரிதெனக் கொண்ட ஓம் கொலோன் பணியையும் துறந்தார். பல ஆண்டுகள் பெர்லினில் கணிதம் கற்பித்துச் சிறு வருவாயிற் காலங் கழித்தார். 1833-இல் நூரன்பர்க்குத் தொழிற்கல்விப் பள்ளியில் இடம் பெற்றார். முதற் பெரும் பாராட்டு அயல் நாட்டிலிருந்தே வந்தது: 1841-இல் லண்டன் ராயல் சங்கம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. இளமை முதல் அவாவிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி மூனிச் நகரில் 1852-இல் எய்தியபோது அவருக்கு அகவை 63. இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6-ஆம் நாள், அவர் உலகு நீத்தார். 1881-இல் பாரிசிற் கூடிய மின்னியலாளர் பேரவை தடையின் அலகுக்கு அவர் பெயரையே ஏற்றது.

இவ்விதியை ஓமுக்குப் பன்னெடு நாள் முன்னரே இங்கிலாந்தில் காவெண்டிஷ் என்னும் செல்வர் உணர்ந்திருந்தார். அவர் அதனை வெளியிடாது தம் குறிப்பேட்டிலேயே விடுத்தார். 1879-இல் மாக்ஸ்வெல் பதிப்பிக்கும்வரை உலகம் அதனை அறிந்திலது. ஓமோ, கண்டதைப் பிறர்க்கு எடுத்துரைத்தலையே கடனாகக் கொண்ட ஆசிரியர். எடுத்துரைத்ததனால் இகழ்ச்சியும் வறுமையும் எய்தினார். அதனாலேயே நாம் கற்றோம்.

தோழர்காள்! இனிப் பாட நூலில் அவ்வொரு வரியைக் காணுங்கால், கொதிநீருக்கும் பனிக்கட்டிக்கும் இடையே கம்பிகளை மாற்றி மாற்றி ஊசியை நோக்கியிருந்த அப்பள்ளி ஆசிரியரை ஒருகணம் நினைவோமாக. வெறும் மனப்பாடமாக அதனை விழுங்காது, ஒரு கலமும் ஒரு கம்பியும் கொண்டு நாமும் அளந்து பார்த்தலே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.