செக்கிழுத்த சிதம்பரனார்

கடல் கடந்தே பல பொருள்களையும் பெறும் நெடுந்தீவினராகிய நமக்குக் கலத்தின் அருமையை எடுத்துக் கூற வேண்டுவதின்று. கலம் பிறர் கையிலிருப்பின் நம் வாழ்வும் பிறர் கையிலேயாம். இதனை உணர்ந்து கப்பல் விட்ட சைவப் பெருமகனார் வ. உ. சிதம்பரம்பிள்ளையவர்கள், சிறையில் எருதுபோல நடத்தப்பட்ட வரலாற்றை ஆசிரியர்கள் சிந்தித்தல் தகும்.

பிள்ளையவர்கள் 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில், உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மைந்தராய்த் தோன்றினார், தந்தையாரைப்போல வழக்கறிஞராயினார். தூத்துக்குடி, கொழும்புக் கடல்வழியில் ஆங்கிலக் கம்பெனியார் செலுத்திய ஆதிக்கத்தை எதிர்த்து, 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். அரசினர் பொறாராய், அவ்வாண்டு மார்ச்சு 12ஆம் நாள் அவரைச் சிறைப்படுத்தினர். நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுட்டண்டனை விதித்தார். மேன்முறையீட்டில் அஃது ஆறாண்டாகக் குறைந்தது.

கோயம்புத்தூர்ச் சிறையில் சணல் கிழிக்கும் பொறியைச் சுற்றுமாறு அவரைப் பணித்தனர். கைத்தோல் உரிந்து குருதி கசிந்தது. அதுகண்ட சிறையதிகாரி ஓய்வு தந்தாரல்லர். மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுக்க அனுப்பினார். பகல் முழுதும் வெயிலில் நடந்து செக்கினைத் தள்ளினார், வழக்காடு மன்றங்களில் வாதிட்ட அப்பெரியார். உழைப்பு அவருடையது, பயன் அரசினருடையது.

எனினும் அவருள்ளம் அடிமைப்படவில்லை. சிறையிலிருந்தே மெய்யறம் என்னும் நூலை யாத்தார். 1912 டிசம்பரில் விடுதலை பெற்றபோது கம்பெனி கலைந்திருந்தது, வழக்கறிஞருரிமையும் பறிபோயிருந்தது. வறுமையிலுழன்றும் தமிழ்ப்பணியும் சிவப்பணியும் விட்டாரல்லர். 1935இல் சிவஞானபோதத்துக்கு உரை வெளியிட்டு, 1936 நவம்பர் 18ஆம் நாள் சிவபதமெய்தினார்.

இக்கொடுமையைப் பழவினைப் பயனென்று கூறி அமைவார் சிலர். அது சைவமன்று. திருநாவுக்கரசு நாயனாரை நீற்றறையிலிட்ட பல்லவன் செயலை நாம் கொடுமையென்றே சிறார்க்குக் கற்பிக்கின்றோம். அடியவர் பொறுத்தமையால் அரசன் செயல் அறமாகிவிடாது. அந்நாளைய பல்லவனுக்குரிய நீதியே பின்னாளைய அரசுகளுக்கும் உரியது. குற்றஞ் செய்தார்க்கும் இஃது ஒக்கும். சிறைப்பட்டானும் சிவன் உறையும் உயிரே.

ஊர்காவற்றுறைக்கு அண்மையில் கடல் நடுவே நிற்கும் கோட்டையும் ஒருகாலத்துச் சிறையாயிருந்தது. மாணாக்கர்க்கு அதனைக் காட்டும் ஆசிரியர்கள், கட்டியவர் பெயரோடு நில்லாது, உள்ளே அடைபட்டோரையும் நினைப்பிப்பாராக. தம் கைக்குட்பட்ட எளியாரிடத்து ஒருவர் நடந்துகொள்ளும் முறையே அவர்தம் அறத்தை அளக்கும் கோல். அரசுக்கும் அதுவே, வகுப்பறையிற் பிரம்பேந்தும் நமக்கும் அதுவே.