ஜிம் கார்பெட்

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் (ஜூலை 25, 1875 – ஏப்ரல் 19, 1955) இந்தியாவில் பிறந்து கென்யாவில் மறைந்த வேட்டைக்காரர், எழுத்தாளர், இயற்கை ஆர்வலர் ஆவார். ஜிம் கார்பெட் என்ற பெயராலேயே பரவலாக அறியப்படுகிறார். இமயமலை அடிவாரத்திலுள்ள குமாவுன், கர்வால் பகுதிகளில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்டு வீழ்த்தியதால் புகழ் பெற்றவர். எனினும் இன்று அவர் நினைவுகூரப்படுவது அவர் சுட்ட விலங்குகளின் எண்ணிக்கைக்காக மட்டுமன்று. ஒரு புலி ஏன் மனிதரைக் கொல்லத் தொடங்குகிறது என்ற கேள்விக்குக் களத்திலேயே விடை தேடியவர் அவர்.

பிறப்பும் இளமையும்

கார்பெட் நைனித்தாலில் ஒரு பெரிய குடும்பத்தில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்தார். தந்தை கிறிஸ்டோபர் வில்லியம் கார்பெட் அவ்வூர் அஞ்சலக அதிகாரியாக இருந்தார். 1881 இல் தந்தை இறந்தபின் குடும்பம் பொருள் நெருக்கடிக்கு உள்ளானது. கோடைக் காலத்தை நைனித்தாலிலும் குளிர்காலத்தை மலையடிவாரக் காலாதுங்கியிலும் கழித்தனர். காலாதுங்கிக் காட்டிலேயே சிறுவன் ஜிம் விலங்குகளின் காலடித் தடங்களையும் குரல்களையும் கற்றுக்கொண்டார்.

குடும்பச் சூழலால் உயர்கல்வி பெறாமல் இளவயதிலேயே இரயில்வே பணியில் சேர்ந்தார். பீகாரிலுள்ள மொகாமா காட்டில் கங்கையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சரக்குகளை மாற்றும் ஒப்பந்தத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். (இங்கு "காட்" என்பது படித்துறையைக் குறிக்கும், வனத்தை அன்று.) புகழ் பெற்ற வேட்டைகளுள் முதலிரண்டை, இப்பணியிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டே அவர் மேற்கொண்டார் என்பது பலர் அறியாத செய்தி.

ஆட்கொல்லிகள்

1907 இல் கொல்லப்பட்ட சம்பாவத் பெண்புலியே கார்பெட் சுட்ட முதல் ஆட்கொல்லி. நேபாளத்தில் 200 பேரைக் கொன்றபின் அங்கிருந்து விரட்டப்பட்டு, குமாவுனில் மேலும் 234 பேரைக் கொன்றிருந்த புலி அது. அதைத் தேடிச் செல்லும்முன் கார்பெட் இரு நிபந்தனைகள் விதித்தார்: அறிவிக்கப்பட்டிருந்த பரிசுத் தொகை விலக்கிக்கொள்ளப்பட வேண்டும், பிற வேட்டைக்காரர்கள் காட்டிலிருந்து திருப்பி அழைக்கப்பட வேண்டும். பணத்திற்காகச் சுடுபவர் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. தவறுதலாகப் பிறர் குண்டுக்கு இரையாகவும் விரும்பவில்லை.

1910 இல் பனார் சிறுத்தையும் 1926 இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையும் அவரால் சுடப்பட்டன. பின்னது 1918 முதல் எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றது. கேதார்நாத், பத்ரிநாத் செல்லும் யாத்திரைப் பாதையில் அது நடமாடியதால், அச்சம் கர்வாலைக் கடந்து நாடெங்கும் பரவியது. இருட்டியபின் ஊர்களில் கதவு திறக்க எவரும் துணியவில்லை. இறுதியில், மணி கட்டிய ஓர் ஆட்டை இரையாக வைத்து, பாதையோர மாமரத்தின்மீது இரவுகள் பல காத்திருந்து கார்பெட் அதைக் கொன்றார். அது முதுமை எய்திய விலங்காக இருந்தது.

1938 இல் தாக் என்னும் சிற்றூரருகே அவர் சுட்ட பெண்புலியே இறுதி ஆட்கொல்லி. இணை தேடிக் குரலெழுப்பிய அப்புலிக்கு, ஆண்புலியைப் போல் மறுகுரல் கொடுத்துத் தன்னருகே வரவழைத்தார். அப்போது அவருக்கு வயது 63.

கொன்றுண்ணிகளின் நடத்தை பற்றிய கருத்துகள்

புலி இயல்பாகவே மனிதரைத் தின்னும் விலங்கு என்ற நம்பிக்கை அக்காலத்தில் பரவலாக இருந்தது. கார்பெட் இதை மறுத்தார். இறந்த புலிகளின் உடலை ஆராய்வது அவர் வழக்கம். சம்பாவத் புலியின் வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. முக்தேசர் பெண்புலி ஒரு முள்ளம்பன்றியுடன் மோதி ஒரு கண்ணை இழந்திருந்தது. ஏறத்தாழ ஐம்பது முட்கள் அதன் உடலில் தைத்திருந்தன. இயற்கையான இரையைப் பிடிக்க இயலாதபோதே புலி மனிதரை நாடுகிறது என்பது அவர் முடிவு. குறிபிசகிய வேட்டைக்காரரின் குண்டே பல ஆட்கொல்லிகளை உருவாக்கியது என்றும் அவர் எழுதினார்.

சிறுத்தையின் நிலை வேறு. கொள்ளைநோய்க் காலங்களில் எரிக்கப்படாது விடப்பட்ட பிணங்களைத் தின்று பழகிய சிறுத்தை, நோய் தணிந்ததும் உயிருள்ள மனிதரைத் தேடுகிறது என்றார். ருத்ரபிரயாகைச் சிறுத்தையின் தொடக்கத்தை 1918 ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா நோயுடன் அவர் இணைத்துக் காட்டினார். ஆட்கொல்லிப் புலி மனிதரிடம் அச்சத்தை இழந்து பகலில் தாக்கும். ஆட்கொல்லிச் சிறுத்தை அந்த அச்சத்தை இழப்பதில்லை, ஆதலால் இரவில் தாக்கும் என்பதும் அவரது கூற்று.

கொன்றுண்ணியைக் காண விரும்புவோர் அதை நேரே தேடாமல் இரைவிலங்குகளைக் கவனிக்க வேண்டும் என்பது அவர் நூல்களில் திரும்பத் திரும்ப வரும் பாடம். புள்ளிமானும் மந்தியும் எழுப்பும் எச்சரிக்கைக் குரல், அவை நோக்கும் திசை ஆகியவற்றைக் கொண்டு புலி எங்கே, எப்பக்கம் நகர்கிறது என்று அவர் கணித்தார். முதுமலையிலோ ஆனைமலையிலோ வழிகாட்டியுடன் செல்பவர்கள் இம்முறையை இன்றும் நேரில் காணலாம்.

துப்பாக்கியிலிருந்து படக்கருவிக்கு

வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் எடுத்த புலிப் படங்கள் கார்பெட்டை ஈர்த்தன. 1920களின் இறுதியில் அவர் அசைபடக் கருவி ஒன்றைப் பெற்றார். கருவியின் ஓசை புலிகளை விரட்டியதால், ஓடும் நீரின் சத்தம் அதை மறைக்குமாறு ஓர் ஓடையருகே மறைவிடம் அமைத்தார். பல மாதங்கள் முயன்று ஏழு புலிகளைப் படம் பிடித்தார். 1936 இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவான ஹெய்லி தேசியப் பூங்கா அமைவதிலும் அவருக்குப் பங்குண்டு.

எனினும் இம்மாற்றம் முழுமையானதன்று. ஆட்கொல்லியல்லாத, உருவத்தால் பெயர்பெற்ற பவல்கர் ஆண்புலியை 1930 இல் அவர் சுட்டார். 1940களிலும் வைசிராய்களுக்குப் புலி வேட்டை ஏற்பாடு செய்து கொடுத்தார். புலியின் அழிவைக் குறித்து எச்சரித்த அதே மனிதர் இதைச் செய்தார் என்பதை அவரைப் போற்றுவோர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர்.

கென்யாவில்

இந்தியா விடுதலையடைந்த 1947 ஆம் ஆண்டின் இறுதியில், தமக்கை மேகியுடன் கென்யாவிலுள்ள நியேரிக்குக் குடிபெயர்ந்தார். சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் வாழ்ந்த சிறு வீட்டிலேயே இருவரும் வசித்தனர். சுவாகிலி மொழியில் சஃபாரி என்றால் பயணம் என்று பொருள். அப்போது கென்யாவின் சஃபாரிகள் பெரிதும் வேட்டைப் பயணங்களாகவே இருந்தன. பார்ப்பதற்கென்றே காட்டுக்குச் செல்லும் வழக்கம் வளர்ந்துவந்த இடங்களுள் ஒன்று, நியேரிக்கருகே ஆபர்டேர் காட்டிலிருந்த ட்ரீடாப்ஸ். 1932 இல் ஓர் அத்திமரத்தின்மீது கட்டப்பட்ட இந்த விடுதிக்கு விருந்தினர் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியுடன் நடந்தே செல்வர். கீழேயுள்ள நீர்நிலைக்கும் அதையொட்டிய உவர்மண்ணை நக்குவதற்கும் யானைகளும் காண்டாமிருகங்களும் வரும். விருந்தினர் மேலிருந்து இரவு முழுதும் பார்த்திருப்பர்.

பிப்ரவரி 5, 1952 அன்று இளவரசி எலிசபெத்தும் அவர் கணவரும் அங்கு வந்தபோது கார்பெட்டும் உடனிருந்தார். 76 வயதான அவர், சிறுத்தை ஏறிவிடாதபடி ஏணியின் உச்சியில் துப்பாக்கியுடன் அமர்ந்து காவல் காத்தார். அவ்விரவில் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்காமில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமானார். மரமேறிய இளவரசி அரசியாக இறங்கியதை விருந்தினர் பதிவேட்டில் குறித்து வைத்தவர் கார்பெட்டே. மாவ் மாவ் கிளர்ச்சியின்போது, 1954 இல் அவ்விடுதி எரிக்கப்பட்டது.

நூல்கள்

1944 இல் வெளிவந்த "மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்" அவருக்கு உலகப் புகழ் தேடித்தந்தது. "மை இந்தியா" (1952) மொகாமா காட்டின் தொழிலாளர்களையும் குமாவுன் சிற்றூர் மக்களையும் பற்றியது. அவரது நூல்களில் மிகுந்த பரிவுடன் எழுதப்பட்டது இதுவே எனலாம். "ஜங்கிள் லோர்" (1953) இளமைக்காலக் காட்டனுபவங்களைக் கூறுகிறது. ட்ரீடாப்ஸ் இரவைப் பற்றிய சிறு நூல் அவர் இறந்த 1955 ஆம் ஆண்டில் வெளியானது.

மறைவும் நினைவும்

கார்பெட் ஏப்ரல் 19, 1955 அன்று மாரடைப்பால் காலமானார். நியேரியில், பேடன் பவலின் கல்லறை உள்ள அதே இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். ஹெய்லி பூங்காவுக்குப் பின்னர் அவர் பெயர் சூட்டப்பட்டது. புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973 இல் அங்கிருந்தே தொடங்கப்பட்டது. இந்தோசீனப் புலியின் விலங்கியல் பெயரில் உள்ள கார்பெட்டி என்ற சொல் 1968 இல் அவர் நினைவாக இடப்பட்டது. காலாதுங்கியில் அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது.