டெலிபோனை எடுத்த குடிகாரன்



இந்த மாதம் நான் எழுதுவது ஒரு மிஷனரியைப் பற்றி அல்ல, ஒரு குடிகாரனைப் பற்றி. நானும் 14 வருஷம் குடித்தவன். அந்தத் தகுதியிலேதான் எழுதுகிறேன்.

அவர் பெயர் பில் வில்சன். 1895-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தார். அப்பா அம்மா பிரிந்துபோனார்கள். தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். முதல் உலக யுத்தத்தில் ராணுவ அதிகாரியாக இருந்தபோது ஒரு விருந்தில் குடிக்கப் பழகினார். நாலுபேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிற மனுஷனுக்கு, குடித்ததும் தைரியம் வந்தது. என் கதையும் அங்கேதாங்க ஆரம்பிக்குது.

1918-ல் லோயிஸ் அம்மாளைக் கலியாணம் செய்தார். நியூயார்க் பங்குச் சந்தையில் நிறைய சம்பாதித்தார். 1929-ல் சந்தை விழுந்தது, அவரும் விழுந்தார். மனைவி கடையில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினாள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதும், திரும்பக் குடிப்பதுமாய் இருந்தார். அங்கே சில்க்வொர்த் என்ற டாக்டர், இது வெறும் கெட்ட பழக்கம் அல்ல, சரீரத்தையும் மனதையும் சேர்த்துப் பிடிக்கிற வியாதி என்று விளக்கினார்.

1934 நவம்பரில் எபி என்ற பழைய குடிக் கூட்டாளி வீட்டுக்கு வந்தார். பில் ஊற்றிக் கொடுத்ததை அவர் தொடவில்லை. தேவன் தன்னை மாற்றினார் என்று சாட்சி சொன்னார். அடுத்த மாதம் பில் கடைசித் தடவையாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே மனமுடைந்து தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அறை முழுவதும் வெளிச்சம் நிறைந்ததாகப் பின்னாளில் சொன்னார். அப்புறம் சாகிறவரைக்கும், 36 வருஷம், அவர் குடிக்கவில்லை.

ஆனால் கவனியுங்கள். முதல் ஆறு மாதம் எத்தனையோ குடிகாரரிடம் போய்ப் பிரசங்கித்தார். ஒருவரும் நிற்கவில்லை. அவர் மட்டும் நின்றார்.

1935 மே மாதம் ஏக்ரான் பட்டணத்துக்கு வியாபார விஷயமாகப் போனார். காரியம் தோற்றது. கையில் காசில்லை. ஓட்டலின் ஒரு பக்கம் மதுக்கடை, சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் சபைகளின் பெயர்ப் பட்டியலும் டெலிபோனும். அவர் டெலிபோன் பக்கம் போனார். ஒரு போதகரைக் கூப்பிட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரன் வேண்டும் என்று கேட்டார். அவர் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டுக்கொண்டே போனார். கடைசியில் ஒரு சகோதரி, டாக்டர் பாப் ஸ்மித் என்பவரைச் சந்திக்க ஏற்பாடு செய்தாள். 15 நிமிஷத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தார். ஏன்? பில் அன்று பிரசங்கிக்கவில்லை. தன் கதையைச் சொன்னார். டாக்டர் நடுவிலே ஒருதரம் விழுந்து, 1935 ஜூன் 10-ஆம் தேதி கடைசியாகக் குடித்தார். அந்த நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த நாளாக எண்ணுகிறார்கள். வீட்டுக் கூட்டங்களாய்த் தொடங்கியது 1957-ல் நம் தேசத்துக்கும் வந்தது. பில் 1971 ஜனவரி 24-ல், தன் கலியாண நாளிலேயே மரித்தார். சிகரெட்டால் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. பரிசுத்தவான் என்று அவரைக் காட்ட நான் வரவில்லை.

இப்போ என் காரியம். கன்வென்ஷனில் கை வைத்து ஜெபித்தார்கள். மூன்று மாதம் நின்றேன். பிறகு விழுந்தேன். வெட்கத்தில் சபைக்கே போகவில்லை. என் மச்சான்தான் ஒரு கூட்டத்தின் விலாசத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் வாரம் வாசல்வரை போய்த் திரும்பிட்டேன். இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் உள்ளே போனேன். ஒரு பள்ளிக்கூட அறை, பத்துப் பேர், டீ. எந்த ஜாதி, எந்த சபை, எவ்வளவு சம்பளம் என்று யாரும் கேட்கவில்லை. மில் தொழிலாளி ஒருவர் பேசினார். அவர் சொன்னது அத்தனையும் என் வீட்டுக் கதை! அன்று ராத்திரிதான் பில் வில்சனைப் பற்றியும் கேட்டேன்.

அந்த ஜெபம் வீண் என்று சொல்லமாட்டேன். ஜெபித்தபின் என் பக்கத்தில் உட்கார ஒருவர் தேவைப்பட்டார். அவ்வளவுதான்.

இதை வாசிக்கிற குடும்பத்தாருக்குச் சில வார்த்தைகள். பல வருஷம் அதிகமாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டரிடம் போங்கள். கூட்டம் எங்கே நடக்கிறது என்று அவரிடமோ, குடிநோய் சிகிச்சை தருகிற ஆஸ்பத்திரியிலோ கேளுங்கள். கட்டணம் கிடையாது. குடியை விடவேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். பெயரும் அங்கே கேட்டதும் வெளியே போகக்கூடாது என்பது அவர்கள் ஒழுங்கு. ஒரு கூட்டம் மனதுக்கு ஒட்டாவிட்டால் இன்னொன்றுக்குப் போங்கள். மனைவிமாருக்கும் குடும்பத்தாருக்கும் லோயிஸ் அம்மாள் 1951-ல் சேர்த்த ஆல்-அனான் கூட்டங்கள் உண்டு. விழுந்தவர் திரும்ப வரலாம். பில்லுக்குச் சாட்சி சொன்ன எபியே பலதரம் விழுந்து எழுந்தவர்தான்.

வருகிற அக்டோபரோடு எனக்கு ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் நாள்நாளாய்த்தான் நிற்கிறேன். இப்போது அந்த அறைச் சாவி என் கையில் இருக்கிறது. டீ போடுகிறதும் நான்தான். வாசலில் யாராவது தயங்கி நின்றால் எனக்குத் தெரிந்துவிடும். நானே எழுந்து போய்க் கூப்பிடுகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்