வழியனுப்பி வைத்த அளசிங்கப் பெருமாள்

பணி ஓய்வுக்குப் பிறகு விஜயபுரத்தில் குடியேறியவன் நான். சென்னைக்குப் போய்வர ஏகாம்பரகுப்பம் ரயில் நிலையம்தான் எங்களுக்குத் துணை. அரக்கோணம், ரேணிகுண்டா, குண்டக்கல் வழியாகப் பம்பாய் செல்லும் பழைய பாதை அது. அந்த நிலையத்தில் நிற்கும்போதெல்லாம் 1893-ம் வருஷம் மே மாதம் சென்னையிலிருந்து பம்பாய்க்குப் பயணப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியரை நினைத்துக்கொள்வேன். அவர் போனது தமக்காக அல்ல. ஒரு சந்நியாசியைக் கப்பலேற்றி வழியனுப்புவதற்காக.

அந்த ஆசிரியர் அளசிங்கப் பெருமாள். சந்நியாசி சுவாமி விவேகானந்தர்.

1865-ல் சிக்மகளூரில், மண்டயம் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்த அளசிங்கர், சென்னையில் படித்து, பச்சையப்பன் பள்ளியில் ஆசிரியரானார். வாசம் திருவல்லிக்கேணி. குடும்பம் பெரிது, வருமானம் சிறிது. நம்மில் பலருடைய வீட்டுக் கதைதான்.

சுவாமிஜி சென்னைக்கு வந்து, சாந்தோமில் கணக்குத் துறை அதிகாரி மன்மதநாத் பட்டாச்சார்யாவின் வீட்டில் தங்கியிருந்தார். அவரைத் தேடிப் போன இளைஞர்களில் அளசிங்கரே முன்னின்றவர். சுவாமிஜிக்கு அப்போது வயது 30, இவருக்கு 28. சிகாகோ சர்வமத மகாசபைக்கு அவரை அனுப்பியே தீருவது என்று நிச்சயித்து, வீடு வீடாகப் படியேறி நிதி கேட்டார். முதலில் சேர்ந்த பணத்தை, இன்னும் தெய்வ சங்கல்பம் தெரியவில்லை என்று சொல்லி, ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படி சுவாமிஜி பணித்தார். வேறொருவராக இருந்தால் மனம் ஒடிந்திருப்பார். இவர் மறுபடியும் படியேறினார். மைசூர் மகாராஜா போன்றோரின் உதவி கிடைத்தாலும், நடுத்தரக் குடும்பங்கள் தந்த சிறு தொகைகளையே இவர் பெரிதாக மதித்தார்.

1893 மே 31 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘பெனின்சுலர்’ கப்பல் புறப்பட்டது. கேத்ரி மன்னரின் காரியதரிசி ஜக்மோகன்லாலும் அளசிங்கரும் சுவாமிஜியை நமஸ்கரித்துக் கண்ணீருடன் விடைபெற்றார்கள்.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2003-ல் என் மகன் வெளிநாடு புறப்பட்டான். விமான நிலையக் கண்ணாடிக் கதவு வரை போனோம். அவன் கையசைத்தான், கதவு மூடிக்கொண்டது. ரயிலில் வீடு திரும்பும்போது, இனி நமக்கு என்ன வேலை இருக்கிறது என்ற கசப்பு நெஞ்சை அடைத்தது. நானும் என் சகதர்மிணியும் ஊர் வந்து சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அளசிங்கரின் சரிதத்தை நான் ஊன்றிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

அவருடைய வேலை கப்பல் போன பிறகுதான் ஆரம்பமாயிற்று. அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் என்பதால் ஒன்று எனக்கு வியப்பாக இருக்கும். மகாசபைக்குப் பிரதிநிதியை அனுப்பினார்களே தவிர, அறிமுகக் கடிதம் வேண்டும், முன்கூட்டிப் பதிய வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சென்னை நண்பர்களுக்குத் தோன்றவே இல்லை. ஜூலைக் கடைசியில் சிகாகோ சேர்ந்த சுவாமிஜிக்கு, சபை கூடுவது செப்டம்பரில், பதிவுக் காலமும் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. கையிருப்புக் கரைந்தது. ஆகஸ்டில் பாஸ்டன் பக்கத்திலிருந்து, குளிரையும் பணமுடையையும் விவரித்து அவர் கடிதம் எழுதியது அளசிங்கருக்குத்தான். தந்தியும் வந்தது. இவர் அலைந்து திரிந்து பணம் திரட்டி அனுப்பினார். ஹார்வர்டு பேராசிரியர் ரைட் அளித்த கடிதத்தால் சபையின் கதவு திறந்தது. செப்டம்பர் 11-ல் நடந்ததை உலகம் அறியும்.

பிறகும் இவர் ஓயவில்லை. 1894 ஏப்ரலில் சென்னையில் பொதுக்கூட்டம் கூட்டி சுவாமிஜிக்கும் அமெரிக்க மக்களுக்கும் நன்றி தெரிவிக்கப் பாடுபட்டவர் இவர். 1895 செப்டம்பரில் ‘பிரம்மவாதின்’ ஆங்கிலப் பத்திரிகை துவங்கியது. பகலில் பள்ளிக்கூடம், மற்ற வேளையில் பத்திரிகை. சுவாமிஜியின் கடிதங்களில் அன்பும் இருக்கும், கண்டிப்பும் இருக்கும். இரண்டையும் இவர் பிரசாதமாக ஏற்றுக்கொண்டார்.

1899 ஜூனில் சுவாமிஜி இரண்டாம் முறை மேலைநாடு புறப்பட்டார். ‘கோல்கொண்டா’ கப்பல் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்தது. பிளேக் கட்டுப்பாட்டால் அவர் கரையிறங்க அனுமதி இல்லை. அன்பர்கள் படகுகளில் சூழ்ந்து நின்று பார்த்ததோடு சரி. அளசிங்கருக்கு அது போதவில்லை. பத்திரிகை பற்றிக் கலந்து பேச வேண்டியது நிறைய இருந்தது. கொழும்பு வரை டிக்கெட் வாங்கித் தாமும் கப்பலேறிவிட்டார்! கடல் கடப்பதே ஆசாரக் கேடு என்று நம்மவர்கள் கருதிய காலம் அது. குடுமியும் வேட்டியுமாக, காலில் செருப்பில்லாமல், பொரியும் வறுத்த பட்டாணியும் மூட்டையில் கட்டிக்கொண்டு கப்பல் தளத்தில் நடமாடிய இந்தச் சீடரை, சுவாமிஜி தம் பயணக் குறிப்பில் வேடிக்கையாகவும் நெஞ்சு நெகிழவும் வர்ணித்திருக்கிறார். கொழும்பில் இறங்கித் திரும்பிய இவர், மறுபடி அதே வேலையில் இறங்கினார்.

1902 ஜூலை 4-ல் சுவாமிஜி சமாதியடைந்தார். அதன் பிறகும் பத்திரிகையை இவர் கைவிடவில்லை. 1909 மே மாதம் அளசிங்கர் காலமானார். ஐம்பது வயதைக்கூட அவர் காணவில்லை. ‘பிரம்மவாதின்’ அவருக்குப் பின்னும் சில ஆண்டுகள் நடந்தது.

இன்று நம் சங்க அங்கத்தினர் வீடுகளில் பிள்ளையோ பெண்ணோ அயல்நாட்டில் இல்லாத வீடு அபூர்வம். போனவர்களின் பெருமையைப் பேசுகிறோம். வழியனுப்பிவிட்டு இங்கேயே இருப்பவர்கள், தங்களுக்கு இனி வேலை இல்லை என்று சோர்ந்து போகிறோம். நானும் அப்படித்தான் சோர்ந்தேன். அளசிங்கரின் சரிதம் படித்தபின் மகனுக்கு வாராவாரம் கடிதம் எழுதத் தொடங்கினேன். ஊர்ச் சமாசாரம், தாத்தா பாட்டி கதை, பண்டிகைகளின் தாத்பர்யம் எல்லாம் எழுதுவேன். பேரன் அவற்றைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறானாம்.

திருவல்லிக்கேணிக்குப் போகும் அன்பர்கள் பார்த்தசாரதிப் பெருமாளைச் சேவிக்கும்போது, அந்த வீதிகளில் நிதிக்காக நடந்த அந்த ஏழை ஆசிரியரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.